இருமிவிட்டு நுழைந்தவர்

ஆள் இல்லாத அறைக்குள் நுழையும் முன் இருமுகிற மனிதர் ஒருவரை எனக்குத் தெரியும். சளி இருமல் அல்ல. பெண்கள் குளிக்கும் கிணற்றடிப் பக்கமாகப் போக நேர்கிற ஆண்பிள்ளை, தான் வருவதைத் தெரிவிக்க ஒரு செருமல் செருமுவானே, அந்த மாதிரி. பூட்டிக் கிடந்த கிடங்கைத் திறக்கும்போதும் இருமுவார், காலி பீரோவைத் திறக்கும்போதும் இருமுவார். இருமிவிட்டு ஒரு கணம் நிற்பார். யாரோ உள்ளேயிருந்து ‘வரலாம்’ என்று சொன்னது போலத் தலையை ஆட்டிக்கொண்டு அப்புறம்தான் காலை வைப்பார்.

கிடர்பூர் துறைமுகத்தில் கிடங்குகள் கட்டிய ஒரு காண்ட்ராக்டரிடம் அவர் ஓவர்சியர். திருநெல்வேலிப் பக்கத்துக்காரர். கல்கத்தாவில் அன்று இருந்த நாலு டஜன் தமிழ்க் குடும்பங்களுக்கும் அவர் வெறும் ‘ஓவர்சியர்’தான். பெயர் எனக்குத் தெரியும், ஆனால் எழுதப்போவதில்லை. நான் அவருக்குச் செய்ததற்குப் பிறகு அந்தப் பெயரை எடுத்துப் புழங்க எனக்குக் கூச்சமாக இருக்கிறது.

குட்டையான ஆள். வேட்டிக்கு மேல் கறுப்புக் கோட்டு, சுண்ணாம்பு ஏறி வெளுத்த விரல் முட்டிகள், மூங்கில் பிடி போட்ட ஒரு குடை. மழையிலும் வெயிலிலும் அந்தக் குடையை அவர் விரித்து நான் அதிகம் பார்த்ததில்லை. அதைச் சுவரைத் தட்டிப் பார்க்கத்தான் வைத்திருந்தார். தட்டிவிட்டுக் காதை வைத்துக் கேட்பார்.

“உத்தரவு வாங்கியாச்சா?” என்பது அவருடைய வாய்ச்சொல். கூலிகள் பழைய சுவரில் கடப்பாரையை ஓங்கினால் கேட்பார். ஒருமுறை கிடங்குக்கு இடம் வேண்டும் என்று ஒரு பலா மரத்தை வெட்ட வேண்டியிருந்தது. துரை அங்கேயே நின்று அவசரப்படுத்துகிறார். இவர் முடியாது என்றுவிட்டார். மரத்தடிக்குப் போய் இருமிவிட்டு, “நாளைக்கு வெட்டுதோம். இருக்கிறவுக எல்லாரும் இன்னைக்கே வேற எடம் பாத்துக்கிடுங்க,” என்று சொன்னாராம். மறுநாள் வெட்டும்போது மரத்தில் ஒரு காக்கைகூட இல்லை என்று கூலிகள் ஊரெல்லாம் சொன்னார்கள். நான் நம்பவில்லை. முந்தின நாள் துரை போட்ட கூச்சலில் பறந்திருக்கும்.

எனக்கு உத்தியோகமே நம்பாமல் இருப்பதுதான். கப்பல் சரக்குக்கு இன்ஷூரன்ஸ் செய்கிற ஒரு கம்பெனியில் குமாஸ்தா. ‘கடல் தண்ணீர் புகுந்து மூட்டை பாழாகிவிட்டது’ என்று வியாபாரி எழுதிக்கொடுத்தால், நான் துறைமுகத்துக்குப் போய்ச் சாக்கை நாக்கில் வைத்துப் பார்ப்பேன். கரித்தால் கடல். கரிக்காவிட்டால் எவனோ குழாய்த் தண்ணீரைப் பிடித்து விட்டிருக்கிறான். பத்து வருஷம் சாக்கை நக்கியவனுக்கு உலகத்தில் எதுவுமே சரியாகக் கரிக்காது. என் மனைவி பாயசம் கொடுத்தாலும் முதலில் நாக்கு நுனியால்தான் தொடுவேன் என்று அவள் சிரிப்பாள்.

எங்களுக்கு ஒரு குறை இருந்தது. பவானிபூரில் வளர்ந்த எங்கள் பிள்ளைகளுக்குத் தமிழ் எழுத்து தெரியாது. என் மகள் ஜானு ஏழு வயதில் கனவில்கூட வங்காளத்தில்தான் பேசினாள். ஊரிலிருந்து என் தாயார் போட்ட கடிதத்தை நான் வாசித்துக் காட்ட, அதைத் தன் தோழியிடம் வங்காளத்தில் சொல்லி, “எனக்குப் படிக்கத் தெரியாது, பாபாதான் படிப்பார்,” என்றாள். அன்று சாயங்காலமே தெரிந்த தமிழ் வீடுகளுக்கு எல்லாம் போய்ச் சொன்னேன். ஒரு பள்ளிக்கூடம் வேண்டும் என்று கமிட்டி போட்டோம். வாடகைக்குப் போன இடத்தில் எல்லாம் ‘மதராஸிகள் சமைத்தால் புளி வாசனை’ என்று கதவைச் சாத்தினார்கள்.

கடைசியில் கிடைத்தது, கிடர்பூரில் ஒரு சந்துக்குள் பூட்டிக் கிடந்த மாதாகோயில். கப்பல்காரர்களுக்காக எப்போதோ கட்டியது. துறைமுகம் நகர்ந்ததும் அந்தப் புது இடத்துக்குப் பக்கத்திலேயே இன்னொரு கோயில் கட்டிக்கொண்டு போய்விட்டார்கள். செங்கல் சுவரில் அரசங்கன்று முளைத்து, ஜன்னல் கண்ணாடி பாதி உடைந்து, உள்ளே புறா எச்சம் ஒரு சாண் கிடந்தது. அந்தப் புதுக் கோயிலின் பாதிரியார் பழையதைப் பள்ளிக்கூடத்துக்குக் கொடுக்கச் சம்மதித்தார். ஆனால் ஒப்பந்தத்தில் ஒரு ஷரத்து போட்டார். உள்ளே எந்த மதத்துச் சடங்கும் நடக்கக் கூடாது. நடந்தால் அன்றே சாவியைத் திருப்பிக் கொடுத்துவிட வேண்டும். பூஜை விடுமுறைக்கு முந்தின வாரம் வந்து பார்ப்பேன், திருப்தியாக இருந்தால்தான் கையெழுத்து என்றும் சொன்னார்.

பழுது பார்க்கும் வேலையை ஓவர்சியரிடம் விட்டோம். கூலி வேண்டாம் என்றார். அங்கேயே எனக்கு மூக்கு அரிக்க ஆரம்பித்துவிட்டது. சும்மா வேலை செய்கிறவனை எந்தத் துறைமுகத்தில் பார்த்திருக்கிறேன்?

கமிட்டியின் செக்ரட்டரி அலிப்பூர் கோர்ட்டில் தலைமைக் குமாஸ்தா. முதல் நாள் அவர், நான், ஓவர்சியர் மூவரும் கதவைத் திறந்தோம். ஓவர்சியர் வழக்கம்போல இருமினார். செக்ரட்டரி சிரித்துக்கொண்டே கையிலிருந்த காகிதத்தைக் காட்டினார். இனி இந்தக் கட்டடத்தில் ஆராதனை இல்லை, இது வெறும் கட்டடம் என்று அவருக்கும் மேலே உள்ள பெரிய பாதிரியார் எழுதிக் கையெழுத்துப் போட்ட காகிதம்.

ஓவர்சியர் அதை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

“சிலுவைய எடுத்துட்டுப் போயிட்டாவ. சரி. ஆளக் கூட்டிட்டுப் போனாவளா?”

“எந்த ஆளை ஓய்?”

“இங்க இருந்தவரத்தான் கேக்கேன்.”

செக்ரட்டரி என்னைப் பார்த்துக் கண்ணைச் சிமிட்டினார். “அதுக்கெல்லாம் கவலைப்படாதேயும். ரெண்டு குடம் கங்கா ஜலம் கொண்டுவந்து கொட்டி அலம்பிவிட்டா எல்லாம் சுத்தமாயிடும். சடங்குன்னு யாருக்குத் தெரியப்போறது?”

ஓவர்சியர் முகம் சுருங்கியது. “ஒருத்தரு குடியிருந்த வீட்ட, அவரு உள்ள இருக்கையிலேயே தீட்டுன்னு கழுவுவீகளோ? நல்லாருக்கே நியாயம்!” என்றார். அவர் குரல் உயர்ந்து நான் கேட்டது அது ஒரு தடவைதான்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை என் வீட்டுக்கு வந்தார். வாசற்கதவு திறந்தே இருந்தது. வெளியே நின்று இருமினார். நான் எழுந்திருக்கும் முன் உள்ளேயிருந்து ஜானு, “ஆஷுன்!” என்றாள். வங்காளத்தில் ‘வாருங்கள்’ என்று அர்த்தம். மனிதர் அப்படியே நின்றுவிட்டார். இத்தனை வருஷமாக இருமுகிறார், ஒருவரும் பதில் சொன்னதில்லை போலிருக்கிறது. ஜானு அவரைத் ‘தாது’ என்றாள், தாத்தா என்று. அவர் கோட்டுப் பையிலிருந்து, சிலேட்டில் எழுதுகிற ஒரு மாக்கல் துண்டை எடுத்துக் கொடுத்தார். பிறகு அவள் இருக்கும்போதே என்னிடம், “புள்ளைக்கு என்ன நட்சத்திரம்?” என்று கேட்டார்.

“அனுஷம். எதுக்குக் கேக்கறீங்க அண்ணாச்சி?”

“சும்மாதான் தம்பி.”

சும்மா ஒருவர் பெண் குழந்தையின் நட்சத்திரத்தைக் கேட்பாரா? கல்யாணத்துக்குப் பையனை வைத்திருப்பவர் கேட்பார், அவருக்குப் பிள்ளை குட்டி கிடையாது. அன்று முழுவதும் அந்தச் ‘சும்மா’ என் பல்லிடுக்கில் சிக்கிய பாக்குத்தூள் மாதிரி உறுத்திக்கொண்டே இருந்தது.

ஒரு மாதம் வேலை நடந்தது. சுவரில் முளைத்த கன்றைப் பிடுங்கி, கண்ணாடி போட்டு, வெள்ளையடித்து, பெஞ்சுகளை எல்லாம் பிள்ளைகள் உயரத்துக்குக் காலை அறுத்துக் கொடுத்தார். பிரசங்க மேடையில் கரும்பலகையை மாட்டினார். குறை சொல்ல ஒன்றுமில்லை. பாதிரியார் வருவதற்கு ஒரு வாரம் இருக்கும்போது ஒன்று சொன்னார். “கடைசி மூணு நாள் நான் மட்டும் இருக்கணும். ஒருத்தரும் உள்ள வரப்பிடாது. கதவப் பூட்டிக்கிடுவேன்.” ஏன் என்று கேட்டதற்கு, “சொன்னா சிரிப்பிய,” என்று முடித்துவிட்டார்.

இரண்டாம் நாள் சாயங்காலம் என்னைத் தெருவில் நிறுத்தி, “நாளைக்கு மூணு மணி போல புள்ளையக் கூட்டிட்டு வாங்க தம்பி. செக்ரட்டரிக்குத் தெரிய வேண்டாம்,” என்றார்.

மறுநாள் ஆபீசுக்கு மட்டம் போட்டேன். மாதாகோயிலுக்கு எதிரே ஒரு பொரிக்கடை இருந்தது. கடைக்காரர் வங்காளி, வாய் ஓயாதவர். காலையிலேயே அங்கே போய் உட்கார்ந்துகொண்டேன்.

“உள்ள தோண்டுற சத்தம் கேக்குது அண்ணா,” என்றார் அவர், பொரியில் கடுகெண்ணெய் ஊற்றிக் கலந்தபடி. “அந்த ஆளு துறைமுகத்து ஆளுதானே? புதுசா எது கட்டினாலும் அஸ்திவாரத்துல ஒரு குழந்தையப் போடணுமாம். பாலம் கட்டறவங்க சாக்கோட அலையறாங்கன்னு என் பெண்டாட்டி பிள்ளைகளை வெளியே விடறதில்லை.”

கல்கத்தாவில் எங்காவது பெரிய வேலை தொடங்கினால் இந்தப் புரளியும் கூடவே தொடங்கும். அது புரளி என்று எனக்குத் தெரியும். தெரிந்தும் என் கையிலிருந்த பொரி கையிலேயே இருந்தது.

பத்து மணிக்குக் கதவு திறந்தது. ஓவர்சியர் வெளியே வந்தார். கோட்டு இல்லை, செருப்பு இல்லை. மார்போடு ஒரு புது மண்குடுவையை அணைத்திருந்தார், வாயை மஞ்சள் துணியால் கட்டி. அந்தக் குடையை விரித்திருந்தார். ஆனால் பிடித்தது தன் தலைக்கு அல்ல. குடுவை நிழலில் வந்தது, அவர் தலை வெயிலில் வந்தது. கதவைப் பூட்டிவிட்டு, எதிரே இருந்த என்னைக்கூடப் பார்க்காமல், வாய்க்குள் ஏதோ பேசிக்கொண்டே துறைமுகப் பக்கம் நடந்தார்.

திருட்டுத்தான் என்று தீர்மானித்தேன். பாதிரியார்கள் எதையாவது புதைத்து வைத்திருப்பார்கள், ஆசாமி தோண்டி எடுத்துவிட்டான். கூலி வேண்டாம் என்றதன் ரகசியம் இதுதானா! பின்பக்கம் போய், பொரிக்கடைக்காரர் கொடுத்த பெட்டியின் மேல் ஏறி ஜன்னல் வழியாகப் பார்த்தேன்.

முன்பு பலிபீடம் இருந்த இடத்தில் ஒரு தளக்கல்லைப் பெயர்த்துக் குழி தோண்டியிருந்தது. குழிக்கு அருகே பச்சரிசி பரப்பி, அதன்மேல் ஒரு சிலேட்டு. அதில் மாக்கல்லால் பெரிதாக எழுதியிருந்தது: ஜானகி. அனுஷம். பக்கத்தில் ஒரு தட்டு நிறைய ரத்தம்.

எப்படி இறங்கினேன், எப்படி அலிப்பூர் கோர்ட்டுக்கு ஓடினேன் என்று இன்று யோசித்தாலும் நினைவில்லை. செக்ரட்டரியை இழுத்துக்கொண்டு வந்தேன். பூட்டை உடைத்தோம். குழியைப் பார்த்ததும் செக்ரட்டரி வெளிறிப்போனார். அவருக்கு என் மகளைப் பற்றிய பயம் பாதி, ஒப்பந்தத்தைப் பற்றிய பயம் பாதி. “பாதிரி பார்த்தா எல்லாம் போச்சு! பள்ளிக்கூடம் கட்டச் சொன்னா சூனியம் வச்சிருக்கானே பாவி!” என்று அரிசியைக் காலால் தள்ளிக் குழிக்குள் போட்டார். தட்டை நான்தான் வெளியே விசிறினேன். சிலேட்டில் இருந்த என் மகளின் பெயரை என் வேட்டி நுனியால், பல்லைக் கடித்துக்கொண்டு, ஒரு புள்ளி மிச்சமில்லாமல் துடைத்தேன்.

மூன்று மணிக்கு ஓவர்சியர் திரும்பி வந்தார். கையில் குடுவை இல்லை. குடையை மடக்கியிருந்தார். முகத்தில் ஒரு பெரிய வேலையை முடித்தவனின் களைப்பு. உடைந்த பூட்டைப் பார்த்தார், எங்களைப் பார்த்தார்.

“புள்ளையக் கூட்டிட்டு வரலையா தம்பி?”

நான் அவர் சட்டையைப் பிடித்துவிட்டேன். என்னைவிட இருபது வயது மூத்தவர். “என் பொண்ணை எதுக்குய்யா கூப்பிட்டே? குடத்துல என்ன கொண்டுபோனே?”

“ஒம்ம பொருளு எதையும் நான் எடுக்கல.”

“அப்ப யாரு பொருள்?”

அவர் என் தோளுக்கு மேலாக உள்ளே பார்த்தார். காலியான சிலேட்டைப் பார்த்ததும்தான் அவர் கண் கலங்கியது. என் கையை மெதுவாக விலக்கிவிட்டு, சாவியை எடுத்துச் செக்ரட்டரியிடம் நீட்டினார்.

“நான் தெரியாத வேலையில எறங்கிட்டேன் போல. போயிட்டு வாரேன். ஒண்ணு மட்டும், இப்ப உள்ள ஒருத்தரும் இல்ல. வெறுமன கெடக்கு. நீங்க போறப்ப ஒரு செருமல் செருமிட்டுப் போங்க. பழக்கம் விட்டுறக் கூடாது.”

மிரட்டுகிறான் என்று செக்ரட்டரி சொன்னார். நானும் ஆமாம் என்றேன்.

இரண்டு நாளில் குழியை மூடிக் கல்லைப் பதித்துப் பூசி மெழுகிவிட்டோம். மூன்றாம் நாள் பாதிரியார் வந்தார். நரைத்த தாடி, நிதானமான இங்கிலீஷ். பெஞ்சுகளைத் தடவிப் பார்த்தார், ஜன்னல்களைப் பார்த்தார், சந்தோஷப்பட்டார். நேரே பலிபீடம் இருந்த இடத்துக்குப் போய் நின்று, “இங்கேதானே எடுத்தார்?” என்று கேட்டார்.

செக்ரட்டரி கையிலிருந்த ஒப்பந்தக் காகிதத்தைச் சுருட்டிக்கொண்டார். “எதை, ஃபாதர்?”

“மண்ணை. உங்கள் ஓவர்சியர் கொண்டுவந்து கொடுத்தாரே. வெறுங்காலோடு, வெயிலில், பானைக்குக் குடை பிடித்துக்கொண்டு. எங்கள் புதுக் கோயிலில் ஒரு திருநெல்வேலிச் சமையற்காரன் இருக்கிறான், அவன்தான் மொழிபெயர்த்தான்.”

விவரம் முழுவதையும் அவர் சொன்னார். தென்பாண்டிப் பக்கத்தில் அப்படி ஒரு வழக்கமாம். குடிபெயர்ந்து போகிறவர்கள் தங்கள் சாமியை அழைத்துப்போக விரும்பினால், அது இருந்த இடத்திலிருந்து ஒரு பிடி மண் எடுத்துப்போவார்களாம். மண்ணோடு சாமியும் வந்துவிடுமாம். பிடிமண் என்று பெயர். நாங்கள் தஞ்சாவூர்க்காரர்கள், எங்களுக்கு அது தெரியாது. ஓவர்சியர் மூன்று நாள் உள்ளே உட்கார்ந்து, ‘வீடு மாறணும் ஆண்டவரே, ஒங்க ஆளுக மறந்துட்டாவ, நான் கூட்டிட்டுப் போறேன்,’ என்று சொல்லிக்கொண்டிருந்திருக்கிறார். காலி பண்ணச் சொல்பவன் ஒரே நாளில் சொல்லிவிடக் கூடாதாம், மூன்று நாள் தவணை கொடுக்க வேண்டுமாம்.

“மந்திரம் எதுவும் தெரியாது, தமிழில்தான் கேட்டேன், வருவாரா என்று என்னிடம் கேட்டார்,” என்றார் பாதிரியார். “வருவார் என்றேன். வேறென்ன சொல்ல? ஷரத்தை மீறிவிட்டேன், பள்ளிக்கூடத்தைப் பறித்துவிடாதீர்கள் என்று கும்பிட்டார். நான் ஒப்பந்தத்தை இன்னொரு முறை படித்துப் பார்த்தேன். மண்ணைப் பற்றி அதில் ஒன்றும் இல்லை.”

பிறகு என்னைத் திரும்பிப் பார்த்தார். “ஒருவர் போனால் வீட்டை வெறுமையாக விடக் கூடாது, உடனே இன்னொருவரை அழைக்க வேண்டும் என்றார். அதற்கு, சிலேட்டில் முதல் எழுத்து எழுத ஒரு குழந்தையை ஏற்பாடு செய்திருப்பதாகச் சொன்னார். ஊரிலேயே அந்தக் குழந்தை ஒன்றுதான் வா என்று சொல்லத் தெரிந்ததாம். பெயர்கூடச் சொன்னார். ஜானக்கி. நல்லபடியாக வந்து எழுதினாளா?”

நட்சத்திரம் கேட்டது, அவள் முதல் எழுத்து எழுத நல்ல நேரம் பார்ப்பதற்கு. தட்டில் இருந்தது ஆரத்தி. மஞ்சளும் சுண்ணாம்பும் கரைத்த தண்ணீர். என் கல்யாணத்தில், சீமந்தத்தில், ஜானு பிறந்து வீட்டுக்கு வந்த அன்று, எத்தனை முறை பார்த்திருக்கிறேன்! சாக்கை நாக்கில் வைத்து நிஜம் பார்க்கிறவன், அன்று விரலால் தொட்டுக்கூடப் பார்க்கவில்லை. நான் பாதிரியாரிடம் பொய் சொன்னேன். “எழுதினாள்,” என்றேன். அவர் அந்த இடத்திலேயே கையெழுத்துப் போட்டார்.

அன்றே ஓவர்சியரின் அறைக்குப் போனேன். ரங்கூன் துறைமுகத்தில் புது வேலை என்று கப்பல் ஏறிவிட்டார் என்றார்கள். அறை பெருக்கிச் சுத்தமாக இருந்தது. காண்ட்ராக்டரிடம் விலாசம் வாங்கி அவருக்கு மூன்று கடிதம் எழுதினேன். பதில் ஒன்றும் வரவில்லை. இதையும் சொல்லிவிடுகிறேன், என் புத்தி அப்படி: பாதிரியார் சொன்னது உண்மைதானா என்று புதுக் கோயிலுக்குப் போயும் பார்த்தேன். வாசற்படி ஓரத்தில் அந்த மண்குடுவை இருந்தது. அதில் ஏதோ வெள்ளைப் பூச்செடி வைத்திருந்தார்கள். சுற்றும் முற்றும் பார்த்துவிட்டு ஒரு சிட்டிகை மண்ணை நாக்கில் வைத்தேன். மண்ணாகத்தான் இருந்தது.

விஜயதசமி அன்று பள்ளிக்கூடம் திறந்தோம். செக்ரட்டரி வரவேற்புரை எழுதி வைத்திருந்தார். பிள்ளைகள் எல்லாம் எனக்கு முன்னால் உள்ளே ஓடிவிட்டார்கள். எனக்கு மட்டும் கால் வரவில்லை. உள்ளே நாற்பது பிள்ளைகள் கத்துகிறார்கள், ஆனாலும் அந்தக் கட்டடம் வாயை மூடிக்கொண்டு என்னை மேலும் கீழும் பார்ப்பது போல இருந்தது. நான் ஓவர்சியரைப் பார்த்தேனே, அதே பார்வை. வாசலிலேயே நின்று, யாரும் கவனிக்கிறார்களா என்று பார்த்துவிட்டு, மெல்ல இருமினேன்.

உள்ளேயிருந்து உடனே, “ஆஷுன்!” என்று குரல் வந்தது. ஜானு பெஞ்சுகளுக்கு நடுவே கையில் சிலேட்டோடு ஓடிவந்து வாசலில் எட்டிப் பார்த்தாள். என் முகத்தைப் பார்த்தாள், எனக்குப் பின்னால் சந்து முனை வரைக்கும் பார்த்தாள்.

“ஓ, நீயா பாபா?” என்றாள். “நான் தாதுன்னு நெனச்சேன்.”

சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டாள்.